ஏடிபியின் ஆற்றல் எங்கே இருக்கிறது? செல் உயிரியலும் உயிர்வேதியியலும்: ஒரு மீள்பார்வை இழை

ஜனவரி 6, காலை | வாசகர் கேள்வி

தேர்வுக்காகச் செல் உயிரியலையும் உயிர்வேதியியலையும் முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருக்கிறேன். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியின் (அடினோசின் டிரைபாஸ்பேட்) கடைசிப் பாஸ்பேட் பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்று உயிரியல் புத்தகத்தில் இருக்கிறது. எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் செலவிட வேண்டும் என்று வேதியியல் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டு, தாளுக்கு ஏற்றபடி எழுதிவிடு என்கிறார் நண்பர். எது சரி?

ஜனவரி 6, இரவு

வேதியியல் புத்தகம் சரி. நண்பரின் யோசனையைக் கேட்காதீர்கள். இந்த ஒரு முரண்பாட்டை நேராக்கிக்கொண்டால் பாடத்தில் பாதி தானாக நேராகிவிடும்.

ஏடிபியை நீர் பிளக்கும் வினையான நீராற்பகுப்பில் ஒரு பிணைப்பு உடைகிறது. நீரோடு சேர்ந்து புதுப் பிணைப்புகளும் உருவாகின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் விளைபொருள்கள் கீழே நிற்கின்றன. காரணம் மூன்று. ஏடிபியின் பாஸ்பேட் வாலில் நடுநிலைக் கரைசலில் ஏறத்தாழ நான்கு எதிர்மின்சுமைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பிரிந்தால் அந்த விலக்குவிசை தணிகிறது. பிரிந்த பாஸ்பேட்டின் எலக்ட்ரான்கள் நான்கு ஆக்சிஜன்களிலும் பரவி உடனிசைவால் நிலைபெறுகின்றன. விளைபொருள்களை நீர் மூலக்கூறுகள் இன்னும் நன்றாகச் சூழ்ந்துகொள்கின்றன. திட்ட நிலையில் (எல்லாக் கரைபொருளும் 1 மோலார் என்று வைத்த நிலை) கணக்கு, மோலுக்கு 30.5 கிலோஜூல் இறக்கம்.

ஆனால் செல் இந்த எண்ணை வைத்து வாழவில்லை. அதை நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 7

எண்களோடு போவோம். ஏடிபி ஒரு பாஸ்பேட்டை இழந்தபின் மிஞ்சும் அடினோசின் டைபாஸ்பேட்டை வெறுமனே டைபாஸ்பேட் என்று எழுதுகிறேன்.

ஒரு செல்லில் ஏடிபி 5 மில்லிமோலார், டைபாஸ்பேட் 0.5, தனிப் பாஸ்பேட் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். விளைபொருள்களைப் பெருக்கி ஏடிபியால் வகுத்தால், மோலார் அலகில் 0.0005. இதே கலவையைத் தன் போக்கில் விட்டு, வினை முழுவதும் அடங்கிச் சமநிலைக்கு வந்தபின் அளந்தால் அதே விகிதம் ஏறத்தாழ 2 லட்சம். இரண்டுக்கும் இடையே 40 கோடி மடங்கு வித்தியாசம். செல் அந்த அளவுக்குச் சமநிலையை விட்டு விலகி நிற்கிறது. அறை வெப்பநிலையில் ஒவ்வொரு 10 மடங்கு விலகலுக்கும் 5.7 கிலோஜூல். திட்ட நிலையிலிருந்து 0.0005 வரை வர 3.3 பத்து மடங்குகள். அதற்கு ஏறத்தாழ 19. முப்பதரையோடு சேர்த்தால் மோலுக்கு 49 கிலோஜூலைத் தாண்டுகிறது. தசையில் புரதங்களோடு ஒட்டாமல் திரியும் டைபாஸ்பேட் இன்னும் குறைவு. அங்கே இந்த எண் இன்னும் மேலே போகும்.

இப்போது மறுபக்கம். சமநிலைக்கு வந்துவிட்ட கலவையிலும் கொஞ்சம் ஏடிபி மிச்சம் இருக்கும். அதே மூலக்கூறு, அதே பிணைப்பு. அதைக் கொண்டு ஒரு தசை நாரைக்கூட அசைக்க முடியாது. மேல்நிலைத் தொட்டியில் இருக்கும் நீரும் கீழ்த்தொட்டியில் இருக்கும் நீரும் ஒரே நீர்தான். சக்கரத்தைச் சுற்றுவது உயர வேறுபாடு.

ஆகவே கேள்விக்கு என் பதில்: ஆற்றல் இருப்பது விலகலில். இந்தப் பாடத்தில் எந்த அத்தியாயத்தைத் திறந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, 'இங்கே எது சமநிலையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருக்கிறது, யார் விலக்கினார்கள்?' என்பதைத்தான்.

ஜனவரி 7, பிற்பகல்

'உயர் ஆற்றல் பிணைப்பு' என்ற சொல்லாட்சியை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். 1941 இல் ஃபிரிட்ஸ் லிப்மன் அந்தப் பிணைப்பை வளைகோடாக வரைந்து காட்டினார். எந்தப் பாஸ்பேட்டை எதன்மேல் மாற்ற முடியும் என்று கணக்குப் பார்க்க அந்தக் கோடு அருமையான கருவி. நீராற்பகுப்பின் இறக்கப்படி பாஸ்போஈனால்பைருவேட் 61.9 கிலோஜூல், ஏடிபி 30.5, குளுக்கோஸ் 6 பாஸ்பேட் 13.8 என்று வரிசைப்படுத்தினால் பாஸ்பேட் மேலிருந்து கீழே கைமாறுவது கண்ணுக்குத் தெரியும். ஏடிபி நடுவில் நிற்பதால்தான் மேலே உள்ளவற்றிடம் வாங்கிக் கீழே உள்ளவற்றுக்குக் கொடுக்க அதனால் முடிகிறது. வரிசையின் உச்சியில் இருந்திருந்தால் அதைத் திரும்பத் தயாரிக்கவே திண்டாட வேண்டியிருக்கும்.

ஜனவரி 9

மைட்டோகாண்ட்ரியாவைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்கிறவர்களுக்கு, நான் ஆய்வகத்தில் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டும் சோதனையைச் சொல்கிறேன். எனக்கு இந்த விஷயம் மனத்தில் உறைத்தது இதைப் பார்த்தபிறகுதான்.

பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவைப் பனிக்கட்டியில் வைத்திருப்போம். ஒரு சிறு கண்ணாடி அறையில் சுக்ரோஸ் கலந்த தாங்கல் கரைசல். அடியில் ஆக்சிஜன் மின்முனை. உள்ளே சுழலும் சிறு காந்தத் துண்டு. திரையில் ஆக்சிஜன் அளவு ஒரு கோடாக ஓடும். மைட்டோகாண்ட்ரியாவை விட்டு, எரிபொருளாகச் சக்சினேட்டும் பாஸ்பேட்டும் சேர்த்தால் கோடு மெல்லச் சரியும். எரிபொருள் நிறைய இருக்கிறது, ஆக்சிஜனும் இருக்கிறது. ஆனாலும் அவசரமே இல்லை. பிறகு நுண் ஊசியால் துளி டைபாஸ்பேட். ஊசியை எடுப்பதற்குள் கோடு செங்குத்தாக இறங்கத் தொடங்கும். சற்று நேரத்தில், யாரும் எதையும் தொடாமலே, பழைய மெதுவான சரிவுக்குத் திரும்பிவிடும். சேர்த்த டைபாஸ்பேட் முழுவதும் ஏடிபி ஆகிவிட்டது.

மாணவர்கள் வழக்கமாகக் கேட்பது: 'எரிபொருள் தீரவில்லையே, ஏன் நின்றது?' அதற்கான விடைதான் மொத்தப் பாடமும். எலக்ட்ரான்கள் ஆக்சிஜனை நோக்கி ஓடும்போது உட்சவ்வுக்கு வெளியே புரோட்டான்களைத் தள்ளுகின்றன. வெளியே குவிந்த புரோட்டான்கள் உள்ளே திரும்ப ஏடிபியைச் செய்யும் சுழல் நொதியான ஏடிபி சின்தேஸ் வழி வேண்டும். டைபாஸ்பேட் இல்லாவிட்டால் அந்தச் சக்கரம் சுற்றாது. புரோட்டான் அழுத்தம் ஏறி, தள்ளுவதே கடினமாகி, சுவாசம் தானே அடங்குகிறது. செல்லுக்கு ஏடிபி தேவைப்படும் அளவுக்குத்தான் ஆக்சிஜன் செலவாகிறது என்பதை வேறு எந்தப் படமும் இப்படிச் சொல்லிவிடாது.

ஜனவரி 9, இரவு

விட்டுப்போனது. மெதுவான சரிவின்போதே டைநைட்ரோபீனாலைச் சேர்த்துப் பாருங்கள். டைபாஸ்பேட் இல்லாமலே கோடு செங்குத்தாக விழும், ஆக்சிஜன் தீரும்வரை நிற்காது. அந்த மூலக்கூறு புரோட்டானைச் சுமந்துகொண்டு சவ்வை ஊடுருவிவிடும். குவிந்ததெல்லாம் சக்கரத்தைத் தொடாமலே உள்ளே வழிந்துவிடுகிறது. எரிப்பு முழு வேகம், ஏடிபி துளியும் இல்லை, ஆற்றல் அத்தனையும் வெப்பம்.

1930களில் அமெரிக்காவில் இதையே உடல் இளைக்கும் மருந்தாக விற்றார்கள். இளைத்தார்கள், கண்புரை வந்தது, உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறிச் செத்தும் போனார்கள். 1938 இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அது அங்கே விலக்கப்பட்டது. இன்றும் கள்ளத்தனமாக விற்கப்படுகிறது, இன்றும் ஆளைக் கொல்கிறது. இதைப் படிக்கும் யாரும் அதன் பக்கம் போகாதீர்கள்.

அதே ஒழுக்கை உடல் தானாகவும் வைத்திருக்கிறது, அளவோடு. பழுப்புக் கொழுப்புத் திசுவில் தெர்மோஜெனின் என்ற புரதம் குளிர் வந்தால் திறந்து புரோட்டான்களை உள்ளே விடும். பிறந்த குழந்தை நடுங்காமலே சூடாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜனவரி 10

'புரோட்டான் அழுத்தம் என்பதை எப்படி நம்புவது?' என்று கேட்கிறார் ஒருவர். நல்ல கேள்வி, ஏடிபி ஆக்கத்தை இயக்குவது அந்த அழுத்தமே என்று பீட்டர் மிட்செல் 1961 இல் சொன்னபோது துறையில் பெரும்பாலோர் நம்பவில்லை. எல்லோரும் ஏதோ ஓர் உயர் ஆற்றல் இடைநிலைச் சேர்மத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அது கிடைக்கவே இல்லை.

எனக்குப் பிடித்த சான்றுகள் இரண்டு. 1966 இல் ஜாகெண்டார்ஃபும் உரீபேயும் பசுங்கணிகத்தின் உட்சவ்வுப் பைகளான தைலக்காய்டுகளை இருட்டில் பிஎச் 4 கரைசலில் ஊறவைத்து, உட்புறம் அமிலமானதும் பிஎச் 8 கரைசலுக்கு மாற்றி, டைபாஸ்பேட்டும் பாஸ்பேட்டும் கொடுத்தார்கள். ஒளி இல்லை, எலக்ட்ரான் ஓட்டம் இல்லை, ஏடிபி உருவானது. 1974 இல் ராக்கரும் ஸ்டோக்கினியஸும் செயற்கைக் கொழுப்புப் பைகளில் இரண்டே புரதங்களைப் பொருத்தினார்கள்: உப்புநீர் நுண்ணுயிரியின் ஒளியால் இயங்கும் புரோட்டான் பம்பு ஒன்று, மாட்டு இதயத்து ஏடிபி சின்தேஸ் ஒன்று. ஒளியைக் காட்டியதும் ஏடிபி வந்தது. பரிணாமத்தில் ஒன்றையொன்று கண்டிராத இரண்டு இயந்திரங்கள் பேசிக்கொண்டது புரோட்டான் வேறுபாடு ஒன்றின் வழியாகத்தான். மிட்செலுக்கு 1978 இல் நோபல் பரிசு.

ஜனவரி 10, சற்றுப் பின்

அழுத்தம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். சவ்வின் குறுக்கே ஏறத்தாழ 150 மில்லிவோல்ட். கேட்கச் சிறியது. சவ்வின் தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர்தான். வகுத்தால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட்.

ஜனவரி 12

'ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி என்று எழுதினால் மதிப்பெண் உண்டா?' எங்கே எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய பாடத்திட்டங்கள் இன்னும் 36, 38 என்றுதான் வைத்திருக்கின்றன. உண்மைக்கு நெருக்கமானது 30 அல்லது 32.

உணவிலிருந்து எலக்ட்ரான்களைச் சுமந்துவரும் மூலக்கூறுகள் என்ஏடிஎச், எஃப்ஏடிஎச்2. உட்சவ்வில் அவற்றை வாங்கிக் கடத்துபவை புரதக் கூட்டமைப்புகள். ஒரு என்ஏடிஎச் தன் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்கும்போது 10 புரோட்டான்கள் வெளியே போகின்றன: முதல் கூட்டமைப்பில் 4, மூன்றாவதில் 4, நான்காவதில் 2. ஓர் ஏடிபி செய்து வெளியே அனுப்பிவைக்க ஏறத்தாழ 4 புரோட்டான்கள் உள்ளே வரவேண்டும். ஆக, என்ஏடிஎச்சுக்கு 2.5. எஃப்ஏடிஎச்2 முதல் கூட்டமைப்பைத் தாண்டி நுழைவதால் 6 புரோட்டான்கள், அதாவது 1.5. பத்து என்ஏடிஎச்சுக்கு 25, இரண்டு எஃப்ஏடிஎச்2க்கு 3, நேரடியாகக் கிடைக்கும் 4, மொத்தம் 32. சைட்டோபிளாசத்தின் இரண்டு என்ஏடிஎச்சும் கிளிசரால் பாஸ்பேட் வழியில் நுழைந்தால் ஒவ்வொன்றிலும் ஓர் ஏடிபி குறைந்து 30.

அரை ஏடிபி எப்படி வரும் என்று திகைக்க வேண்டாம். இது புரோட்டான் கணக்கு. வேதிச் சமன்பாடு போல முழு எண்ணில் முடியவேண்டிய கட்டாயம் இல்லை. 38 என்ற எண் முழு எண்ணாக முடியும் என்ற எதிர்பார்ப்பிலிருந்து பிறந்தது. ஜனவரி 9 இல் சொன்ன அதே மின்முனைச் சோதனையில், சேர்த்த டைபாஸ்பேட்டைச் செலவான ஆக்சிஜன் அணுக்களால் வகுத்தால் சக்சினேட்டுக்கு 1.5 பக்கம் வருவதை நீங்களே அளக்கலாம்.

நானாக இருந்தால் எண்ணை எழுதிவிட்டு, பக்கத்தில் '10 வகுத்தல் 4' என்று ஒரு வரி சேர்ப்பேன். திருத்துகிறவருக்கு உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று தெரியும்.

ஜனவரி 15

குளுக்கோஸைப் பைருவேட்டாக உடைக்கும் கிளைக்காலிசிஸ் வரிசையைப் படிக்கும்போது அம்புக்குறிகளை நம்பிவிடுகிறோம். அதில் ஆறு கார்பன் சர்க்கரையை இரண்டாகப் பிளக்கும் ஆல்டோலேஸ் படியின் திட்ட மதிப்பைப் பாருங்கள்: மோலுக்கு 23.8 கிலோஜூல் ஏற்றம். கிரெப்ஸ் சுழற்சியின் கடைசிப் படி, மாலேட் ஆக்சலோஅசிட்டேட் ஆவது, 29.7 ஏற்றம். காகிதத்தில் இரண்டும் பின்னோக்கித்தான் ஓடவேண்டும்.

செல்லில் முன்னோக்கி ஓடுகின்றன. எந்த நொதியும் ஏற்றத்தை இறக்கமாக மாற்றிவிடாது. நொதி இரு திசையையும் ஒரே அளவில் விரைவுபடுத்தும், சமநிலையைத் தொடாது. நடப்பது என்னவென்றால், உருவான ஆக்சலோஅசிட்டேட்டை அடுத்த நொதி உடனே எடுத்துச் சிட்ரேட் ஆக்கிவிடுகிறது. அதன் செறிவு மைக்ரோமோலாருக்கும் கீழே கிடக்கிறது. விளைபொருளை இப்படி வற்ற வைத்தால் 29.7ஐயும் கடந்துவிடலாம். ஏடிபிக்கு நேற்றுவரை பேசிய அதே விலகல், இங்கே வேறு மூலக்கூறில்.

ஜனவரி 16

இதன் தொடர்ச்சியாக: என்ஏடிஎச், என்ஏடிபிஎச் இரண்டும் ஒரு பாஸ்பேட்டால்தான் வேறுபடுகின்றன, எலக்ட்ரான் கொடுக்கும் திறனும் கிட்டத்தட்ட ஒன்றே. பிறகு ஏன் இரண்டு? சைட்டோபிளாசத்தில் என்ஏடி பெரும்பாலும் ஆக்சிஜனேறிய வடிவில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எதையும் எரிக்க வசதி. மற்றது பெரும்பாலும் ஒடுக்கிய வடிவில். ஆகவே கொழுப்பு அமிலம் கட்டவும், குளூட்டாதயோனைப் புதுப்பிக்கவும் வசதி. அந்தச் சிறு பாஸ்பேட் ஓர் அடையாளச் சீட்டு. ஒரே செல்லறையில் ஒரே நேரத்தில் எரிப்பதும் கட்டுவதும் மோதாமல் நடப்பது இதனால்தான். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் அழகாகத் தோன்றும் ஏற்பாடு இது.

ஜனவரி 19

நொதிகளைப் பற்றிக் கேட்டவருக்கு. மைக்கேலிஸ் மாறிலி என்பது, வேகம் உச்சத்தில் பாதியாக இருக்கும்போது உள்ள தளப்பொருளின் (நொதி வினைபுரியும் பொருளின்) செறிவு. அவ்வளவே. அதை 'ஒட்டும் வலிமை' என்று எழுதுவது எல்லா நொதிக்கும் பொருந்தாது.

அந்த எண்ணை இரத்தத்தின் எண்ணோடு பக்கத்தில் வையுங்கள். வெறும் வயிற்றில் குளுக்கோஸ் ஏறத்தாழ 5 மில்லிமோலார். குளுக்கோஸில் பாஸ்பேட்டை ஏற்றும் மூளையின் ஹெக்சோகைனேஸுக்குப் பாதி வேகம் 0.1க்கும் கீழே, அது எப்போதும் முழு வேகத்தில் இருக்கும், குளுக்கோஸ் ஏறினாலும் இறங்கினாலும் கவலைப்படாது. கல்லீரலின் குளுக்கோகைனேஸுக்கு ஏறத்தாழ 8. உணவுக்குப்பின் ஏறினால் வேகம் கூடும், பட்டினியில் குறையும். ஒரே வினை, இரண்டு உறுப்புகளின் இரண்டு கடமைகள்.

ஜனவரி 19, இரவு

கட்டுப்பாடு பற்றியும் ஒரு கணக்கு, 7ஆம் தேதி எண்களை வைத்தே. கிளைக்காலிசிஸின் முக்கியக் கட்டுப்பாட்டு நொதியான பாஸ்போஃபிரக்டோகைனேஸை ஏடிபி அடக்குகிறது, அடினோசின் மோனோபாஸ்பேட் தூண்டுகிறது. ஏடிபி ஒன்றே போதாதா? போதாது. இரண்டு டைபாஸ்பேட்டை ஓர் ஏடிபியும் ஒரு மோனோபாஸ்பேட்டுமாக மாற்றும் நொதி இருக்கிறது. அதன் சமநிலை மாறிலி ஒன்றுக்கு அருகில். ஏடிபி 5, டைபாஸ்பேட் 0.5 என்றால் மோனோபாஸ்பேட் 0.05. மொத்தத்தை மாற்றாமல் ஏடிபி 4.5க்கு இறங்கட்டும். டைபாஸ்பேட் 0.88, மோனோபாஸ்பேட் 0.17. ஏடிபி பத்தில் ஒரு பங்கு குறைந்தபோது மோனோபாஸ்பேட் மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. செல் எதைப் பார்த்து எச்சரிக்கை அடைகிறது என்று இப்போது தெரிகிறதல்லவா? தாளும் பென்சிலும் எடுத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். படித்து ஒப்புக்கொள்வதைவிடப் போட்டுப் பார்ப்பது நிற்கும்.

ஜனவரி 20

'அப்படியானால் மனப்பாடமே வேண்டாமா?' வேண்டும். மேலே நான் எழுதியதை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. இருபது அமினோ அமிலங்களும் அவற்றின் பக்கச் சங்கிலிகளும் மின்சுமையும் நாக்கு நுனியில் இருக்கவேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை. அரிவாள் செல் நோயில் பீட்டா சங்கிலியின் 6ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் போய் வாலின் வருகிறது என்று படிக்கும்போது, மின்சுமை உள்ளது போய் நீரை வெறுப்பது வந்துவிட்டது என்று உடனே தோன்றாவிட்டால், ஹீமோகுளோபின்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டி இழையாகின்றன என்பது வெறும் செய்தியாகவே இருந்துவிடும்.

கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளும் அப்படியே. வரிசை தெரியாமல் தர்க்கம் பேச முடியாது.

ஜனவரி 23

செல் உறுப்புகளைப் பட்டியலாகப் படிக்கச் சலிப்பாக இருக்கிறது என்கிறார் கேள்வி கேட்டவர். எனக்கும் அந்தப் பட்டியல் பிடித்ததில்லை. ஒவ்வொன்றிலும் எது விலக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். லைசோசோம்: உள்ளே பிஎச் 5 பக்கம், சைட்டோபிளாசம் 7.2, நூறு மடங்குக்கு மேல் புரோட்டான். பம்பு ஏடிபியைச் செலவழித்துத் தள்ளுகிறது. உள்ளே இருக்கும் நொதிகள் அந்த அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். பை கிழிந்து கொஞ்சம் கசிந்தாலும் வெளியே மந்தமாகிவிடும். கால்சியம்: சைட்டோபிளாசத்தில் 0.1 மைக்ரோமோலார், செல்லுக்கு வெளியே அதைப்போல் 10,000 மடங்கு. அதனால்தான் ஒரு வாயில் திறந்தாலே செல்லுக்குச் செய்தி போய்விடுகிறது.

உட்கருவில் துளைகள் திறந்தே இருக்கின்றன, ஆனாலும் புரதங்கள் திசை தெரிந்து போகின்றன. ரான் என்ற சிறு புரதம் உட்கருவுக்குள் மூன்று பாஸ்பேட் கொண்ட குவனோசினையும், வெளியே இரண்டு பாஸ்பேட் கொண்டதையும் பிடித்திருக்கும். மூன்று பாஸ்பேட் வடிவை ரானில் ஏற்றிவிடும் நொதி குரோமாட்டினோடு ஒட்டி உள்ளே இருக்கிறது. இறக்கிவிடத் தூண்டும் புரதம் வெளியே. சுமையோடு உள்ளே வரும் கடத்திப் புரதமான இம்போர்ட்டின், மூன்று பாஸ்பேட் ரானைச் சந்தித்ததும் சுமையைக் கீழே போடும். திசை அங்கிருந்து வருகிறது.

ஜனவரி 27

கேள்வி கேட்டவர் மாதிரித் தாளிலிருந்து ஒன்று அனுப்பியிருக்கிறார்: 'பொட்டாசியம் நிறைந்த கரைசலில் வாலினோமைசின் மைட்டோகாண்ட்ரியாவின் ஏடிபி ஆக்கத்தைக் குலைக்கிறது, பசுங்கணிகத்தை அந்த அளவு பாதிப்பதில்லை. நைஜெரிசின் தனியாகப் பசுங்கணிகத்தைக் குலைக்கிறது. ஏன்?'

புரோட்டான் அழுத்தத்துக்கு இரண்டு கூறுகள்: மின்னழுத்தம் ஒன்று, பிஎச் வேறுபாடு ஒன்று. மைட்டோகாண்ட்ரியாவில் பெரும்பங்கு மின்னழுத்தம். தைலக்காய்டில் குளோரைடும் மெக்னீசியமும் நகர்ந்து மின்சுமையைச் சமன் செய்துவிடுவதால் பெரும்பங்கு பிஎச் வேறுபாடு. வாலினோமைசின் பொட்டாசியத்தை மின்சுமையோடு கடத்தி மின்னழுத்தத்தை அழிக்கும். நைஜெரிசின் ஒரு பொட்டாசியத்துக்கு ஒரு புரோட்டானை மாற்றிக்கொள்ளும். மின்சுமை மாறாது, பிஎச் வேறுபாடு மட்டும் போகும். அவரவர் எதை நம்பி இருக்கிறார்களோ அதை இழந்தால் ஏடிபி நிற்கும். மைட்டோகாண்ட்ரியாவில் நைஜெரிசின் மட்டும் போட்டால் பிஎச் வேறுபாடு போன இடத்தை மின்னழுத்தம் ஏறி ஈடுகட்டிவிடும், ஏடிபி தொடர்ந்து வரும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரு இடத்திலும் நின்றுவிடும்.